அரை நூல் இடைவெளி

ஏற்காட்டு மலையில் மரவேலை பார்க்கும் அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும்,

கரடியூரிலிருந்து எழுதுகிறேன். நாகலூர், மஞ்சக்குட்டை, செம்மநத்தம் பக்கம் பட்டறை போட்டிருப்பவர்கள், ஒண்டிக்கடையில் நின்று காட்டேஜ் வேலைக்கு வண்டி ஏறுகிறவர்கள், அப்பாவிடம் உளி பிடிக்கக் கற்றவர்கள், ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வந்தவர்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். தனித்தனியாகச் சொன்னால் "இவர் யார் நமக்குப் பாடம் எடுக்க" என்று முகம் மாறும். மொத்தமாக எழுதிவிட்டால் ஒவ்வொருவரும் பக்கத்து பட்டறைக்காரரைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்வீர்கள். அது எனக்கும் வசதி.

நம் தொழிலில் ஒரு வேலை உண்டு. எல்லாரும் செய்வோம், யாரும் பேசமாட்டோம். ஃபிரேமின் நாலாவது மூலை சேராமல் வாய் பிளந்து நிற்கும். வேலை கொடுத்தவர் பக்கத்தில் இல்லையே என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, கீழே கிடக்கும் மரத்தூளில் ஒரு சிட்டிகை அள்ளி, ஃபெவிகாலில் குழைத்து, கட்டைவிரலால் அந்த வாயில் அழுத்தி அடைப்போமே, அந்த வேலை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அப்போதைக்கு மறைந்துவிடும். பாலிஷ் ஏற்றியதும் காட்டிக்கொடுத்துவிடும். பசை இருக்கும் இடத்தில் பாலிஷ் இறங்காது. சுற்றிலும் மரம் மினுங்க, மூலையில் மட்டும் தழும்பு மாதிரி ஒரு கோடு நிற்கும்.

நானும் இருபது வருஷம் அடைத்தவன்தான். அடைப்பதை விட்டது எப்படி என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஏன் எப்போதும் நாலாவது மூலையே பிளக்கிறது? ஒரு ஃபிரேமுக்கு மூலை நாலு, வெட்டு எட்டு. ஒவ்வொரு வெட்டிலும் 0.1 டிகிரி தப்புகிறது என்று வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத தப்பு. எட்டும் ஒரே பக்கமாகத் தப்பினால் மொத்தம் 0.8 டிகிரி. முதல் மூன்று மூலையையும் கிளாம்ப் போட்டு இறுக்கி ஒட்டிவிடுவோம். அங்கே போக இடமில்லாத தப்பு முழுவதும் கடைசி மூலையில் வந்து உட்காரும். 3 இன்ச் சட்டத்தை 45-ல் வெட்டினால் வெட்டுமுகத்தின் நீளம் கிட்டத்தட்ட 108 மில்லிமீட்டர். அதில் 0.8 டிகிரி என்றால் வாய் ஒன்றரை மில்லிமீட்டர் திறக்கும். நம் கணக்கில் அரை நூல். நாம் அடைக்கும் அதே அரை நூல்.

0.1 டிகிரிக்கே இப்படி. ரம்ப மெஷினோடு வரும் கோண கைடில் கோடுகள் ஒரு டிகிரிக்கு ஒன்று. இரண்டு கோட்டுக்கு நடுவில் எங்கே நிறுத்தினோம் என்பதைக் கண்தான் சொல்ல வேண்டும். அரை டிகிரி தப்பினால் நாலாவது மூலை இரண்டு நூலைத் தாண்டித் திறந்துகொள்ளும். அதற்குத் தூளும் போதாது, பசையும் போதாது, ஒரு சில்லுதான் செருக வேண்டும். செருகியிருக்கிறோம்.

ஆகவே நாம் எல்லாரும் செய்தது, 45-ஐத் துரத்தியது. நல்ல கோணமானி வாங்கினோம். அதற்கு மேல் நல்லதாக, டிஜிட்டலில் எண் காட்டுவது ஒன்று வாங்கினோம். சரியாக 45 காட்டும்வரை கைடைத் தட்டித் தட்டி வைத்து, திருகை முறுக்கும்போது அது ஒரு முடி நகர்ந்துவிட, மறுபடி தட்டினோம்.

எனக்குப் புத்தி வந்த இடம் சேலத்தில் சாமி படத்துக்கு ஃபிரேம் போடும் ஒரு கடை. அங்கே காலால் மிதித்து வெட்டும் ஒரு மெஷின் இருக்கும், பார்த்திருப்பீர்கள். இந்த வகைக்கு டென்மார்க்கின் மோர்சோ கம்பெனி பேர்பெற்றது, நம் ஊரிலும் அதே மாதிரி செய்கிறார்கள். இரண்டு கத்தி, ஒன்றுக்கொன்று 90 டிகிரியில், ஆங்கில வி எழுத்து மாதிரி ஒரே தலையில் பூட்டியிருக்கும். மிதித்தால் இரண்டும் ஒன்றாக இறங்கும். பீடிங்கில் ஒரு வி துண்டு கழன்று விழும். ஒரு கத்தி ஒரு சட்டத்தின் வலது முனையை வெட்டும், இன்னொன்று அடுத்த சட்டத்தின் இடது முனையை வெட்டும். கடைக்காரர் கோணமானியைத் தொட்டே நான் பார்த்ததில்லை. மூலை மட்டும் கச்சிதமாக உட்காரும்.

ஏனென்றால், மூலைக்கு வேண்டியது 90. அதை 45-ம் 45-மாகப் பிரித்தது நம் வசதிக்கு. ஒரு பக்கம் 45.1 வந்து மறுபக்கம் 44.9 வந்தால் மூலை வாயை மூடிக்கொள்ளும். கத்தி இரண்டும் தங்களுக்குள் 90 என்று பூட்டப்பட்டிருக்கும்போது ஒன்றின் தப்பை இன்னொன்று தானாகவே ஈடுகட்டிவிடுகிறது.

இதையே ரம்ப மெஷினில் செய்வதுதான் நான் சொல்லவரும் ஜிக். ஒரு தள்ளுபலகை. அதன்மேல் இரண்டு கைடு, தங்களுக்குள் 90. ஒவ்வொரு சட்டத்தின் இடது முனையை ஒரு கைடில் வைத்து வெட்டுங்கள், வலது முனையை மற்ற கைடில் வைத்து வெட்டுங்கள். எந்த மூலையை எடுத்தாலும் ஒரு சட்டத்தின் இடதும் அடுத்ததின் வலதும்தான் சேர வேண்டும். ஆக மொத்தம் எப்போதும் 90.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் செய்துபார்த்துவிட்டு என்னைத் திட்டுவீர்கள். 45 எவ்வளவு தப்பினாலும் பரவாயில்லை என்று அர்த்தமில்லை. ஒன்று 45-க்கு மேலும் மற்றது கீழும் போனால் வெட்டுமுகங்களின் நீளம் வேறுபடும். வாய் திறக்காது, ஆனால் உள்மூலையில் ஒரு சட்டத்தின் முனை மற்றதைவிடக் கொஞ்சம் தள்ளி நிற்கும். 3 இன்ச் சட்டத்தில் கால் டிகிரிக்கு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 20 மில்லிமீட்டர் பீடிங்கில் அதே தப்புக்குக் கால் மில்லிமீட்டர்தான், உப்புத்தாள் பார்த்துக்கொள்ளும். 45 கிட்டத்தட்ட இருக்கட்டும், 90 கறாராக இருக்கட்டும். வரிசையை மாற்றிவிடாதீர்கள்.

இனி கட்டுவது.

பலகையைத் தொடும் முன் மெஷினைப் பாருங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். மேஜையில் இருக்கும் காடியும் பிளேடும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கின்றனவா? காடிக்குள் இறுக்கமாக உட்காரும் ஒரு குச்சி, அதன் நுனியில் ஒரு ஸ்குரூ. பிளேடின் ஒரு பல்லுக்குச் சாக்பீஸில் குறி போடுங்கள். அந்தப் பல் முன்னால் இருக்கும்போது ஸ்குரூத் தலை மெல்ல உரசும்படி திருகி வையுங்கள். பிறகு அதே பல்லைப் பின்னால் சுற்றிக் கொண்டுபோய், குச்சியையும் பின்னால் நகர்த்தி உரசிப் பாருங்கள். வேறு பல்லை வைத்துப் பார்த்தால் பிளேடின் கோணலையும் சேர்த்து அளந்துவிடுவீர்கள். இரண்டு இடத்திலும் ஒரே "கிர்" சத்தம் வந்தால் சரி. பின்னால் இறுகினாலோ விலகினாலோ மெஷினைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்தித் தட்டிச் சரிசெய்யுங்கள். இது கோணலாக இருந்தால் அதன்மேல் எவ்வளவு நல்ல ஜிக் வைத்தாலும் வெட்டுமுகம் தேய்ந்து, கருகி வரும்.

நம்மில் பலரிடம் இருப்பது மெஷின் என்று சொல்லும்படியான மெஷின் இல்லை என்பது எனக்குத் தெரியும். டைல்ஸ் வெட்டும் 4 இன்ச் கட்டரையோ 7 இன்ச் சர்க்குலர் ரம்பத்தையோ பிளைவுட் மேஜைக்கு அடியில் தலைகீழாக மாட்டி வைத்திருப்போம். காடியே இருக்காது. போனில் பார்க்கும் அமெரிக்க வீடியோக்களில் முக்கால் இன்ச் காடி இருப்பதாக நினைத்துக்கொண்டே எல்லாம் சொல்வார்கள். நமக்கு வழி, பிளைவுட் மேஜையில் இரண்டு காடி எடுத்து அலுமினிய ஜன்னல் சேனலைப் புதைத்துவிடுவது. அதுவும் முடியாவிட்டால் மேஜையின் இரண்டு பக்க விளிம்பையும் இழைத்து இணையாக்கி, தள்ளுபலகையின் அடியில் விளிம்பைக் கவ்வி ஓடும் கட்டை வைத்துக்கொள்ளலாம். நான் முதலில் செய்தது இதைத்தான்.

தள்ளுபலகைக்கு 12 மில்லிமீட்டர் பிளைவுட், 600-க்கு 500 அளவு போதும். எம்.டி.எஃப். வேண்டாம். கீழே கோயம்புத்தூரில் அது தட்டையாக இருக்கும், நல்ல பலகைதான். நம் மூடுபனியில் ஓரம் உப்பிவிடும். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் துண்டு எங்காவது காட்டேஜ் கிச்சன் வேலையில் மிச்சம் விழுந்திருக்கும், அதை எடுத்து வையுங்கள்.

காடிக்குள் ஓடும் பட்டைதான் இந்த மலையில் தலைவலி. தேக்கில் செய்தேன். பங்குனியில் வெண்ணெய் மாதிரி ஓடியது. ஐப்பசி மழையில் காடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு அசையவில்லை. இழைத்தேன். மறுபடி பங்குனி வந்தபோது லொடலொடவென்று ஆடியது. பட்டை ஆடினால் கோணமும் ஆடும். இப்போது அலுமினியப் பட்டையில்தான் ஓட்டுகிறேன். மரம்தான் வேண்டும் என்றால், வளையக்கோடுகள் பட்டையின் அகலத்துக்குக் குறுக்கே, நெட்டுக்குத்தாக நிற்கிற மாதிரி வெட்டிய துண்டாக எடுங்கள். அகலம் குறைவாகத்தான் மாறும். மெழுகுவத்தி தேயுங்கள். இரண்டு பட்டை வைத்தால் ஒன்று மட்டும் கச்சிதமாக இருக்கட்டும், மற்றது சும்மா கூட ஓடட்டும். இரண்டையும் கச்சிதமாக்கப் பார்த்தால் பலகை நடுவழியில் சிக்கும்.

பட்டையைப் பலகையில் பொருத்த ஒரு சின்ன உபாயம். காடியின் அடியில் இரண்டு மூன்று ஒரு ரூபாய் காசுகளை அடுக்கி அதன்மேல் பட்டையை வையுங்கள், மேஜைக்கு மேலே ஒரு இழை தலைதூக்கி நிற்கும். மேல்முகத்தில் இருபக்க டேப் ஒட்டி, பலகையை மெஷினின் நீளக் கைடில் சாய்த்தபடி மேலிருந்து இறக்கி அழுத்துங்கள். பலகையைத் தூக்கும்போது பட்டையும் கூடவே வரும், இருக்க வேண்டிய இடத்திலேயே. கவிழ்த்து ஸ்குரூ போடுங்கள். காசைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு பலகையின் முன் விளிம்பிலும் பின் விளிம்பிலும் தடித்த கட்டை ஒன்று குறுக்கே வைத்துப் பூட்டிவிட்டு, பிளேடை ஏற்றி, பலகையில் வெட்டுத்தடம் போடுங்கள். முழுக்க அறுத்துவிடாதீர்கள், பலகை இரண்டாகிவிடும்.

இப்போது முக்கியமான இடம். இரண்டு கைடை இரண்டு தனிக் கட்டையாக வைத்து ஒவ்வொன்றையும் 45-க்குத் தட்டிக்கொண்டிருக்காதீர்கள். 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் செங்கோண முக்கோணம் ஒன்று வெட்டுங்கள், செங்கோணத்தின் இரண்டு பக்கமும் 350 மில்லிமீட்டர் இருக்கட்டும். அந்த இரண்டு பக்கமும்தான் உங்கள் கைடுகள். ஒரே துண்டு, அதனால் 90 அதற்குள்ளேயே பூட்டிக் கிடக்கும், திருகும்போது மாறாது. பிளைவுட் ஷீட்டின் கம்பெனி மூலையைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் வேண்டாம். சோதித்துவிடுங்கள்.

சோதனை நம் அப்பாமார் மூலைமட்டத்துக்குச் செய்ததுதான். நேரான விளிம்புள்ள ஒரு பலகையில் முக்கோணத்தின் ஒரு பக்கத்தை அணைத்து, மறுபக்கம் ஓட்டி, கூர்மையான கத்தியால் 300 மில்லிமீட்டர் கோடு கீறுங்கள். முக்கோணத்தைப் புரட்டிப்போட்டு, அதே புள்ளியிலிருந்து மறுபடி கீறுங்கள். இரண்டு கோடும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் 90. பிரிந்தால், கோடுகளின் நுனியில் தெரிவது தப்பைப்போல் இருமடங்கு. பென்சிலில் போட்டுவிட்டுக் கோட்டின் தடிமனைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள், கத்திக் கீறல்தான் பொய் சொல்லாது. நுனியில் அரை மில்லிமீட்டர் பிரிந்தால் உண்மையான தப்பு 0.05 டிகிரி. அதுவும் நாலு மூலைக்கும் பங்கிட்டு உட்கார்ந்தால் 3 இன்ச் சட்டத்தில் மூலைக்கு ஒரு ஜெராக்ஸ் தாளின் கனம். பசையே அதை மூடிவிடும். அதைவிடக் குறைக்க வேண்டுமென்றால் இழைப்புளியில் ஒரு சீவல் எடுங்கள்.

முக்கோணத்தின் செங்கோண முனை பிளேடைப் பார்த்து, வெட்டுத்தடத்தின் நேர்மேலே நிற்க வேண்டும். இரண்டு பக்கமும் நம்மை நோக்கி விரிந்து இறங்கும். சட்டம் கைடுக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கும், பலகையைத் தள்ளும்போது கைடுதான் அதைப் பிளேடுக்குள் கொண்டுபோகும். 45-ஐ அமைக்க: முனையிலிருந்து ஒவ்வொரு கைடிலும் 300 மில்லிமீட்டர் அளந்து புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளியிலிருந்து வெட்டுத்தடத்தின் நடுக்கோட்டுக்கு நேர்குறுக்கே அளந்தால் இரண்டு பக்கமும் 212 வர வேண்டும். ஒரு பக்கம் 213, மறுபக்கம் 211 வந்தால் கால் டிகிரி திரும்பியிருக்கிறது. ஒரு தட்டு தட்டுங்கள். சரியானதும் நாலு ஸ்குரூ, பசை வேண்டாம். ஒருநாள் கழற்ற வேண்டிவரும்.

இதற்கு மேல் சொல்ல வேண்டியவை சில்லறை. கைடின் முகத்தில் 120-ஆம் நம்பர் உப்புத்தாளை நெடுகிலும் ஒட்டிவிடுங்கள், சாய்வாக வெட்டும்போது பிளேடு சட்டத்தைப் பக்கவாட்டில் இழுக்கும், அந்த ஒரு இழை நகர்வில்தான் பாதி மூலைகள் கெடுகின்றன. பிளேடு 60 பல்லோ 80 பல்லோ இருக்கட்டும், நீளவாட்டில் அறுக்கும் 24 பல் பிளேடில் மூலை வெட்டினால் நார் கிழிந்துதான் வரும். எதிரெதிர்ச் சட்டங்கள் ஒரே நீளம் வர ஸ்டாப்பர் கட்டை வைத்து வெட்டுங்கள், டேப் பிடித்து இரண்டு முறை அளக்காதீர்கள். ஸ்டாப்பரின் அடிவிளிம்பை மட்டும் கொஞ்சம் சரித்துச் சீவிவிடுங்கள், தூள் அதற்குள் ஒதுங்கிக்கொள்ளும். இல்லாவிட்டால் மூன்றாவது சட்டம் ஒரு தூள் அளவு குட்டையாகும், நீங்கள் கோணத்தைச் சந்தேகப்படுவீர்கள்.

ஜிக் சரியா என்று கோணமானி வைத்துப் பார்க்காதீர்கள். வேண்டாத குச்சியில் நாலு துண்டு, எட்டு வெட்டு. மாஸ்கிங் டேப் போட்டு மூன்று மூலையை இறுக்கிச் சேர்த்து, நாலாவதை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். எட்டு வெட்டின் தப்பையும் ஒரே இடத்தில் பெருக்கிக் காட்டும் அளவுகோல் அது, காசும் கிடையாது.

இவ்வளவும் செய்துவிட்டு நான் வாங்கிய அடியைச் சொல்கிறேன்.

புது ஜிக் வந்த தெம்பில், ஒரு வீட்டுக்கு நிலைக்கண்ணாடி ஃபிரேம் ஆறு ஒத்துக்கொண்டேன். சேலத்தில் வீடு. எஸ்டேட்டில் இறக்கிய சில்வர் ஓக், 3 இன்ச் சட்டம். இந்த மலையில் காபி வந்தது 1820-களில், அப்போது சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் என்பார்கள். அந்தக் காபிக்கு நிழலாகவும் மிளகுக் கொடிக்குக் கொம்பாகவும் பிற்பாடு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து சேர்ந்ததுதான் இந்த மரம். பெட்டி அடிக்கும் மரம் என்று இதை ஏளனமாகப் பார்ப்போம். ஆனால் குறுக்குக் கதிர்கள் தெரியும்படி அறுத்துப் பாருங்கள், மீன் செதில் மாதிரி மினுங்கும், தேக்குக்குக்கூட அந்த அழகு கிடையாது. சிலருக்கு இதன் தூள் பட்டால் தோல் அரிக்கும், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

ஐப்பசியில் வெட்டினேன். இருபத்துநாலு மூலையும் கத்தி நுழையாமல் சேர்ந்தது. என் வாழ்க்கையில் அடைக்காமல் அனுப்பிய முதல் வேலை. 20 கொண்டை ஊசி வளைவிலும் ஃபிரேமைப் பிடித்துக்கொண்டே டெம்போவில் இறங்கினேன்.

பங்குனியில் போன் வந்தது. போய்ப் பார்த்தேன். இருபத்துநாலு மூலையும் வாய் திறந்திருந்தது. வெளிமுனை ஒட்டியபடி, உள்மூலை மட்டும் விரிந்து, ஒவ்வொன்றிலும் இரண்டு மில்லிமீட்டர். வீட்டம்மா ஒன்றும் சொல்லவில்லை. காபி கொடுத்தார். அதுதான் அதிகம் வலித்தது.

மேலே வந்து முதல் வேலையாக ஜிக்கைத்தான் சோதித்தேன். 90 அப்படியே இருந்தது. பிறகுதான் மண்டையில் ஏறியது. மரம் காயும்போது அகலம் சுருங்கும், நீளம் சுருங்காது. 45-ல் வெட்டிய சட்டத்தின் அகலம் மட்டும் குறைந்தால் அந்த முனையின் கோணம் 45-ஆக நிற்க முடியாது, கூராகிவிடும். 3 இன்ச் சட்டத்தில் 2 சதவீதம் சுருக்கம், அதாவது அரை நூலுக்கும் குறைவு, ஒவ்வொரு முனையையும் அரை டிகிரிக்கு மேல் மாற்றிவிடும். இரண்டு முனையும் சேர்ந்து மூலையின் உள்பக்கம் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் திறக்கும். நான் வெட்டியது 1,500 மீட்டர் உயரத்தில், மூடுபனிக்குள். அது தொங்கியது சேலத்து வெயிலில், ஃபேனுக்கு அடியில். ஜிக் செய்த தப்பு ஒன்றுமில்லை. ஈர மரத்தை வெட்டிக் கீழே இறக்கிய தப்பு என்னுடையது.

அன்றிலிருந்து மூலையைப் பார்த்தால் நோய் தெரியும். நாலு மூலையும் உள்பக்கம் திறந்திருந்தால் மரம் காய்ந்திருக்கிறது. நாலும் வெளிப்பக்கம் திறந்திருந்தால், கீழே வெட்டிய காய்ந்த சட்டம் மேலே வந்து ஈரம் குடித்திருக்கிறது, சேலத்திலிருந்து ரெடிமேடாக வாங்கி வந்து நம் காட்டேஜ்களில் மாட்டிய ஃபிரேம்களில் இதைப் பார்க்கலாம். ஒரே ஒரு மூலை மட்டும் திறந்திருந்தால்தான் வெட்டில் தப்பு, அல்லது எதிர்ச்சட்டம் இரண்டும் நீளம் ஒக்கவில்லை. தூள் குழைத்து அடைக்கும் முன் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று ஒரு நிமிஷம் பாருங்கள்.

இதற்கு ஜிக்கில் மருந்து கிடையாது. சட்டத்தை அறுத்து, இடையில் குச்சி கொடுத்து அடுக்கி, காற்றோட்டத்தில் போட்டு வையுங்கள். ஒரு இன்ச் கனத்துக்கு ஒரு வருஷம் என்பது பழைய கணக்கு, நம் மழைக்கு அதுவும் பற்றாது. ஈரப்பத மீட்டர் பட்டறைக்கு ஒன்று இருப்பது நல்லது, நாலு பேர் சேர்ந்து வாங்கினாலும் போதும். 12 சதவீதத்துக்கு மேல் காட்டினால் மூலை வெட்டாதீர்கள். கீழே போகும் வேலையென்றால் சட்டத்தை வெட்டாமல் கொண்டுபோய் அந்த வீட்டிலேயே சில வாரம் போட்டு வைத்துவிட்டுப் பிறகு வெட்டுங்கள், ஜிக்கைத் தூக்கிக்கொண்டு இறங்கலாம், கனமில்லை. நாலு இன்ச்சுக்கு மேல் அகலமான சட்டத்துக்கு 45 மூலையே வேண்டாம் என்பது என் முடிவு. பழைய வாசல்நிலைகளைப் பாருங்கள், ஒன்றுக்குள் ஒன்று நாக்கு நுழைத்துத்தான் பூட்டியிருப்பார்கள். மரம் சுருங்கினாலும் வாய் பிளக்காது. அவர்களுக்கு 45 வெட்டத் தெரியாமலா?

கடைசியாக ஒன்று, இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

தலைகீழாக மாட்டிய கட்டரில் பிளேடுக்கு மூடி கிடையாது. முக்கோணத்தின் முனையைத் தாண்டிப் பிளேடு நம் பக்கம் வெளியே வரும் இடத்தில், தள்ளுபலகையின் நம் பக்க விளிம்பில், கைப்பிடி அளவு தடித்த ஒரு கட்டையை ஸ்குரூ போட்டுப் பூட்டி, சிவப்புப் பெயின்ட் அடித்துவிடுங்கள். கட்டைவிரல் அங்கே போகக் கூடாது என்பதற்கு. கையுறை போட்டுக்கொண்டு ரம்பத்தில் நிற்காதீர்கள், நூல் சிக்கினால் கையையும் சேர்த்து இழுக்கும். அமெரிக்காவில் ஸ்டீவ் காஸ் என்பவர் 1999-இல் ஒரு மெஷின் கண்டுபிடித்தார், பிளேடில் தோல் பட்டால் சில மில்லிசெகண்டில் பிளேடு நின்றுவிடும். சா ஸ்டாப் என்று விற்கிறார்கள். அது நம் ஊர்ப் பட்டறைக்கு எப்போது வருமோ. அதுவரை நமக்குக் கைக்கெட்டுவது ஒன்று இருக்கிறது.

காற்றடித்தால் நம் மலையில் கரன்ட் போகும். சட்டம் பாதி வெட்டிய நிலையில் மெஷின் நிற்கும். சுவிட்சை அணைக்க மறந்து, துண்டை எடுக்கக் கையை உள்ளே விடுவோம். அந்த நேரம் பார்த்துக் கரன்ட் வந்தால் பிளேடு தானாகச் சுற்றும். கிணற்று மோட்டாருக்கு விவசாயி போடுகிறாரே ஸ்டார்ட்டர், பச்சை பட்டனும் சிவப்பு பட்டனுமாக, அது கரன்ட் போனால் தானாக விழுந்துவிடும். மறுபடி பச்சையை அழுத்தினால்தான் ஓடும். ரம்ப மெஷினுக்கும் அதே தத்துவத்தில் சின்ன சுவிட்ச் கிடைக்கிறது, செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் எலெக்ட்ரிகல் கடைகளில் கேட்டுப் பாருங்கள். தண்ணீருக்குப் போடும் காவலை நம் விரலுக்குப் போடாமல் இருக்கிறோம்.

ஜிக்குக்குப் பிளைவுட் வாங்கும் முன் அந்த சுவிட்சை வாங்குங்கள். மாட்டியாகிவிட்டால், எந்த ஞாயிற்றுக்கிழமையானாலும் சரி, உங்கள் மெஷினில் வெட்டிய நாலு குச்சியை எடுத்துக்கொண்டு கரடியூருக்கு வாருங்கள். என் பட்டறை வாசலில் வெளிச்சம் நன்றாக இருக்கும். நாலாவது மூலையைச் சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
கரடியூரிலிருந்து உங்களில் ஒருவன்